செக்போஸ்ட் ஆட்டோ அண்ணனோட பறவை டிரிப்: 5க்கு 4

கொக்கு பாக்கறதுக்கு 1,500 ரூவாயான்னு எங்கப்பா கேட்டாரு. ரெண்டு பேருக்குச் சேத்துத்தாங்கப்பான்னு சொன்னேன், அப்ப ஆளுக்கு 750 ரூவாய்க்குக் கொக்கான்னு திருப்பிக் கேட்டாரு. மில்லுல 31 வருஷம் வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவரு, காசு விஷயத்துல அப்படித்தான் இருப்பாரு. ஆனா இப்ப இந்த ரிவ்யூவ எழுதச்சொல்லி நச்சரிக்கறதே அவருதான், "அந்தத் தம்பிக்கு நாலு பேரு வரட்டும், எழுது கண்ணு"ன்னு.

எதுக்குப் போனேன்னு மொதல்ல சொல்லிடறேன். நாங்க இருக்கறது கோயமுத்தூர் பக்கம் மதுக்கரை. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமையானா உக்கடம் பெரியகுளம், குறிச்சிக் குளம், கிருஷ்ணாம்பதி, சிங்காநல்லூர்னு சுத்திகிட்டு இருக்கேன், பெரிய எக்ஸ்பர்ட் எல்லாம் இல்லைங்க, புக்க வெச்சுகிட்டு தட்டித்தடவி பேரு கண்டுபுடிக்கற ஆளு. இந்த ஜனவரில பொங்கலுக்குப் பறவை எண்ணுவாங்கல்ல, 4 நாள், ஒரு எடத்துல கொறஞ்சது 15 நிமிஷம் நின்னு பாத்தது எல்லாத்தையும் இபேர்ட்னு பறவை லிஸ்ட் போடற வெப்சைட்ல ஏத்தணும், அதுல நானும் ஒரு குளத்துல நின்னு, பெருமையா "சிட்ரின் வாலாட்டி 1"ன்னு போட்டு வுட்டேன். இந்தப் பக்கம் அது அடிக்கடி பாக்கற பறவை இல்ல. ரெண்டு நாள்ல மெயில் வந்துருச்சு, நம்ம லிஸ்ட சரிபாக்கற வாலண்டியர் ஒருத்தர், ரொம்ப மரியாதையாத்தான் எழுதியிருந்தாரு, கன்னம் எப்படி இருந்துச்சு, றெக்கைல வெள்ளைக்கோடு எத்தனை, முதுகு என்ன கலரு, போட்டோ இருக்கான்னு. என்கிட்ட ஒண்ணுக்கும் பதில் இல்ல. மஞ்சளா இருந்துச்சு, எனக்கு ஆசையா இருந்துச்சு, அவ்வளவுதான் என்கிட்ட இருந்த ஆதாரம். எடுத்துட்டேன். வெக்கமாப் போச்சு.

அதுக்கு முன்னாடி நவம்பர்ல ஒரு கைடு கூட போயிருந்தோம், பேரு வேண்டாம். அந்தாளுக்கு எல்லாமே சைபீரியாதான். செங்கால் வெச்சு ஊதா கலர்ல ஆகாயத்தாமரைக்குள்ள நடக்குமே நீலத்தாழைக்கோழி, வருஷம் முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளும் அந்தக் குளத்துலயே கெடக்கற கோழி, அதக் காட்டி சைபீரியான்னாரு. கூழைக்கடாவுக்கும் சைபீரியா. சங்குவளை நாரைக்கு மட்டும் ஆஸ்திரேலியா. ரெண்டும் கூந்தன்குளத்துலயும் வேடந்தாங்கல்லயும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கற நம்மூர்ப் பறவைங்க. அப்புறம் ஆறுமணிக்குருவி காட்டறேன்னு ஒரு புதருக்கு முன்னாடி ப்ளூடூத் ஸ்பீக்கர வெச்சு அது சத்தத்தையே கத்த வுட்டாரு பாருங்க, எனக்கே பாவமாயிருச்சு. அது இமயமலை அடிவாரத்துல இருந்தும் நடு இந்தியால இருந்தும் பறந்து வந்து ஐப்பசில இங்க எறங்குது, எறங்குற சமயத்துல களைச்சுப்போயி வீட்டுத் திண்ணைல எல்லாம் வந்து உக்காந்துக்கும், அதுங்கிட்ட போயி இன்னொருத்தன் உன் எடத்துக்கு வந்துட்டான்னு பொய் சொன்னா எப்படி இருக்கும். காலைல ஆறு மணிக்கும் சாயந்தரம் ஆறு மணிக்கும் அதுவாவே கத்தும், பேரே அதுக்குத்தான வெச்சாங்க, சித்தநேரம் பொறுத்தா ஆச்சு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம், அதாவது கேரளாப் பக்கம், ஒரு ஆட்டோ அண்ணன் இருக்காரு, அவரு பறவை காட்டறாருன்னு ஆபீஸ்ல கூட வேலை செய்யற கொழிஞ்சாம்பாறைக்காரப் புள்ளை ஒருத்தி சொன்னா. பேரும் நம்பரும் இங்க போட வேண்டாம்னு அவரே கேட்டுகிட்டாரு, செக்போஸ்ட் பக்கத்து டீக்கடைல "பட்சி ஆட்டோ"ன்னு கேட்டா யாரும் சொல்லிருவாங்க. முன்ன ஆராய்ச்சி பண்ற பசங்கள ஏரி ஏரியாக் கூட்டிட்டுச் சுத்துனவரு, மூணு வருஷம் வெயிட்டிங்ல சும்மா உக்காந்து உக்காந்து கத்துகிட்டேங்கறாரு. வீட்டுல தமிழ், ஸ்கூல்ல மலையாளம், அதனால பேச்சு பாதிக்குப் பாதி. பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கா முழுக்க அப்படித்தானுங்க, இந்தப்பக்கம் நிலம், அந்தப்பக்கம் சம்பந்தம்னு வாழற ஊருங்க.

சர்வீஸ் என்னன்னா: காலைல 5.45க்கு செக்போஸ்ட்ல பிக்கப், பத்தரைக்கு டிராப். ரெண்டு பைனாகுலர், ஒரு புக்கு, ஒரு பிளாஸ்க் கட்டன் சாயா அவரே கொண்டுவர்றாரு. டிபன் நம்ம செலவு. கேரளா வண்டிங்கறதால தமிழ்நாட்டுப் பக்கம் குளங்களுக்கு வர்றதில்ல, கோயமுத்தூர் குளங்க பாக்கணும்னா மச்சானோட கார் சொல்றேன்னாரு, அதுக்கு ரேட்டு வேற, நாங்க அது போகல. அட்வான்ஸ் 300 ஜிபேல போட்டேன்.

நாங்க போனது மாசி பொறந்து பத்து நாள் கழிச்சு, பிப்ரவரி கடைசி. லேட்டோன்னு பயந்தேன், இல்லக்கா இப்பத்தான் கரெக்ட்டுன்னாரு, ஏன்னு கேட்டதுக்கு அவரு சொன்ன காரணம் எனக்கு இத்தனை நாளா மண்டைல ஏறாத விஷயம். ஐப்பசி கார்த்திகை மழைல ஏரி ததும்பி நிக்கும், அப்ப கரை வரைக்கும் தண்ணி, உள்ளானுங்களுக்கு, அதான் சேத்துல எரை பொறுக்கற சின்னப் பறவைங்களுக்கு, நிக்க எடமே இருக்காது, அதுங்களுக்குச் சேறு வேணும், அதுவும் கணுக்கால் ஆழத் தண்ணியோட இருக்கற சேறு. தை மாசி ஆக ஆகத் தண்ணி உள்வாங்கும், சேறு தெரியும், ஒண்ணொண்ணா வந்து எறங்கும். வாத்துங்களுக்கும் இதே சமயம் நல்லதுதான், ஏன்னா நவம்பர்ல ஆம்பள வாத்தும் பொம்பள வாத்தும் ஒரே பழுப்பா இருக்கும், நம்மள மாதிரி ஆளுங்களுக்குத் தலைவலி, பிப்ரவரில ஊருக்குத் திரும்பறதுக்கு முன்னாடி ஆம்பளைங்க புதுச்சட்டை போட்டுக்கும். நான் சிங்காநல்லூர்ல நவம்பர் டிசம்பர்ல போயிப் போயி ஒண்ணும் புரியாம வந்ததுக்கு இதுதான் காரணம்.

அன்னைக்கு அவரு வந்தது 6.05க்கு. இருவது நிமிஷம் லேட். செக்போஸ்ட்ல லாரிக்கு நடுவுல ஸ்கூட்டிய ஓரங்கட்டி நிக்கறோம், அப்பா வாட்ச் பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு, மறுக்கா வாட்ச் பாக்கறாரு. பறவை பாக்கறதுல வெளுக்கற நேரத்து இருவது நிமிஷம்னா அது சும்மா இருவது நிமிஷம் இல்லைங்க. வந்ததும் மன்னிப்பு கேட்டாரு, அதோட அப்பாவோட வெள்ளை வேட்டியையும் தோள்ல இருந்த வெள்ளைத் துண்டையும் பாத்துட்டு, "ஐயா, வேட்டி இருக்கட்டும், துண்ட மட்டும் எடுத்துட்டு இதப் போட்டுக்கங்க"ன்னு சீட்டுக்கடியில இருந்து ஒரு காப்பிக்கலர் துண்ட நீட்டுனாரு. அது துவைச்சு எத்தனை நாளாச்சோ. அப்பா ஒண்ணும் பேசாம போட்டுகிட்டாரு.

மொத ஸ்டாப் ஒரு ஏரி. எந்த ஏரின்னு சொல்ல மாட்டேன், அதுவும் அவரோட கண்டிஷன், ஆளுங்க பைக்க எடுத்துகிட்டு வந்து சேத்துக்குள்ளயே ஓட்டி செல்பி எடுக்கறாங்களாம். கரைல ஏறாம, கரைக்கு இந்தப்பக்கமே ஆட்டோவ நிறுத்திட்டு, குனிஞ்சு பனைமரத்து நெழல்லயே நடந்துபோயி உக்கார வெச்சாரு. ஏழு மணி வரைக்கும் மனுஷன் வாயே தொறக்கல. விரலக் காட்டறாரு, நாம பாக்கணும், நாம பேரு சொல்லணும், தப்புன்னா தலைய ஆட்டறாரு, சரின்னாலும் பெருசா ஒண்ணும் பாராட்டு இல்ல.

எனக்கு மொதல்ல கடுப்பாத்தான் இருந்துச்சு, காசு குடுத்துட்டு பரீட்சை எழுதணுமான்னு. ஆனா அரைமணி நேரத்துல உள்ளான் விஷயம் அப்படியே உள்ள எறங்கிருச்சு. ரெண்டு வருஷமா "ஏதோ உள்ளான்"னு எழுதிகிட்டு இருந்தவ நான். நின்ன எடத்துலயே பின்பக்கத்த மேலயும் கீழயும் ஆட்டிகிட்டே இருந்தா, அதோட நெஞ்சு வெள்ளை தோள் வரைக்கும் ஒரு ஆப்பு மாதிரி ஏறி இருந்தா அது சாதா உள்ளான். முதுகுல பொரி தூவுன மாதிரி புள்ளி, கண்ணுக்கு மேல வெள்ளைப் புருவம் கண்ணத் தாண்டிப் பின்னாடி வரைக்கும் நீளமா, காலு கொஞ்சம் மஞ்சளா நெட்டையா இருந்தா பொறி உள்ளான். அதே சைஸ்ல இன்னும் கருப்பா, புருவம் கண்ணுக்கு முன்னாடியே நின்னுபோயி, பறக்கறப்ப றெக்கைக்கு அடிப்பக்கம் கருகருன்னு, முதுகு முடியற எடத்துல பளிச்சுனு வெள்ளை தெரிஞ்சா அது கிரீன் சாண்ட்பைப்பர், அது எப்பவும் தனியாத்தான் நிக்கும், கூட்டத்துல சேராதுங்கறாரு. பொறி உள்ளான் 40க்கு மேல இருந்துச்சு, கிரீன் ரெண்டே ரெண்டு, ஒண்ணு வாய்க்கால்ல, ஒண்ணு மதகுகிட்ட. புக்குல இத நானும் படிச்சிருக்கேன், ஆனா புக்குல அது அசையாதுல்லங்க.

வாத்துங்க நடுத்தண்ணில. நீலச்சிறகிதான் நிறைய, ஆம்பளைக்குக் கண்ணுக்கு மேல இருந்து கழுத்து வரைக்கும் வெள்ளையா ஒரு பட்டை இழுத்து வுட்ருக்கும், தூரத்துல இருந்தே தெரியுது. இது நெசமாலுமே வடக்க, ரஷ்யா அந்தப்பக்கம் எல்லாம் இருந்து வர்றது, இதுக்கு சைபீரியான்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டேன். அங்கங்க தட்டைவாயன், மூஞ்சில கரண்டிய மாட்டிவுட்ட மாதிரி இருக்குமே, அது ஒரு இருவது. ஊசிவால் வாத்து நாலு. எத்தனைன்னு எண்ணுங்கன்னாரு, ஒண்ணு ரெண்டுன்னு எண்ண ஆரம்பிச்சேன், அப்படி எண்ணுனா சாயந்தரம் ஆயிரும், பத்து வாத்து எவ்வளவு எடம் புடிக்குதுன்னு கண்ணுல வாங்கிக்கங்க, அப்புறம் அந்த அளவ வெச்சுகிட்டே போங்கன்னாரு. நான் 180 சொன்னேன், அவரு 230. அப்பப் பாத்து சேற்றுப் பூனைப்பருந்து ஒண்ணு கோரைக்கு மேல தாழப் பறந்து வந்துச்சு பாருங்க, மொத்தக் கூட்டமும் பொசுக்குனு எந்திரிச்சிருச்சு, அந்த றெக்கைச் சத்தம் இருக்கே, அப்பா கையில இருந்த சாயாவ வுட்டுட்டாரு. எந்திரிச்சப்ப எண்ணுனா அவரு சொன்னதுதான் கிட்டத்தட்ட சரி.

இப்ப அந்த வாலாட்டிக் கதை. ஏழரை இருக்கும், சேத்து ஓரமா ஒரு பத்து மஞ்சள் வாலாட்டி ஓடிகிட்டு இருக்கு, அதுல ஒண்ணு மட்டும் சாம்பலா, மஞ்சளே இல்லாம, றெக்கைல வெள்ளையா ரெண்டு கோடு. எனக்கு நெஞ்சு அடிச்சுகிச்சு. அண்ணா சிட்ரின், சிட்ரின்னு அவரு சட்டையப் புடிச்சு இழுத்துட்டேன். அவரு பைனாகுலர எடுத்தாரு, பாத்தாரு, பாத்தாரு, பாத்துகிட்டே இருந்தாரு. "வாலுகுலுக்கிதான் சேச்சி, அதுல மாத்தமில்ல"ன்னாரு. வாலுகுலுக்கின்னா மலையாளத்துல வாலாட்டி, அது எனக்கும் தெரியும்ணா. அப்புறம் சொன்னாரு, மஞ்சள் வாலாட்டிக் குஞ்சு மொத வருஷத்துல இப்படி மஞ்சளே இல்லாம சாம்பலா வரும், அத வெச்சு ஏமாறாத ஆளே கெடையாது, கன்னத்தப் பாருங்க, கன்னத்துக் கருப்ப சுத்தி வெளுத்த வளையம் முழுசா வருதா, இல்ல காதுக்குப் பின்னாடி அந்துபோகுதா, முழுசா வந்தாத்தான் சிட்ரின். நான் பாக்கறதுக்குள்ள அது கோரைக்குள்ள போயிருச்சு. இருவத்தஞ்சு நிமிஷம் காத்துகிட்டு இருந்தோம், வரல. அண்ணா நீங்க பாத்தீங்கல்ல, வளையம் முழுசா இருந்துச்சான்னேன். "பாதிதான் பாத்தேன். மீதிப் பாதிய நான் சொல்லக்கூடாது. வாலாட்டி, இனம் தெரியலன்னு எழுதிக்கங்க."

மனுஷன் ஒரு வார்த்தை ஆமான்னு சொல்லியிருந்தா நான் சந்தோஷமாப் போயிருப்பேன், ரிவ்யூல 5 போட்ருப்பேன், அவருக்கும் பேரு, அடுத்த ஞாயித்துக்கிழமை பத்துப் பேரு கேமராவத் தூக்கிகிட்டு வந்திருப்பாங்க. அவரு சொல்லல. எனக்குக் கோவந்தான். வீட்டுக்கு வந்து யோசிச்சப்பத்தான், அந்த மெயில் போட்ட வாலண்டியர் கேட்ட கேள்வியும் இவரு கேட்ட கேள்வியும் ஒண்ணுதான்னு தோணுச்சு, நான் 1,500 ரூவா குடுத்தது இதுக்குத்தான் போல.

அப்புறம் நான் அசிங்கப்பட்ட கதையும் இருக்கு, மறைக்கல. ஏரிய வுட்டு எறங்கி கொஞ்ச தூரம் போனா அறுப்பு முடிஞ்ச வயலு, அதுக்கு அந்தக் கோடில பழுப்பா ஒரு பெரிய கூட்டம், ஐநூறு அறுநூறு இருக்கும், அப்படியே தரையோட தரையா நகருது. வண்டிய நிறுத்துங்க வண்டிய நிறுத்துங்கன்னு கத்திட்டேன். இத்தனை வாத்து ஒரே எடத்துல எவன் பாத்திருக்கான், என்னவோ புதுசா வந்து எறங்கியிருக்குன்னு. அண்ணன் சிரிக்கவே இல்ல, அதுதான் இன்னும் மோசம். "அது எரண்ட இல்ல சேச்சி, தாராவாக்கும்." மலையாளத்துல காட்டு வாத்து எரண்ட, வளப்பு வாத்து தாரா. பின்னாடியே கம்பு வெச்சுகிட்டு ஒருத்தரு வர்றாரு. அறுத்த வயல்ல சிந்துன நெல்லையும் நத்தையையும் தின்னுட்டுப் போறதுக்கு குட்டநாட்டுப் பக்கம் மேய்ப்பாங்கல்ல, அதே மாதிரி இங்கயும் ஊர் ஊராக் கொண்டு வர்றாங்க. அப்பா எறங்கிப்போயி இருவது முட்டை வாங்கிகிட்டாரு. ஆட்டோல கொக்கு பாக்க வந்து வாத்து முட்டையோட போறோம், அவருக்கு அப்பத்தான் மூஞ்சில சிரிப்பே வந்துச்சு.

ஆனா அப்பாவோட நேரம் அதுக்கப்புறம் வந்துச்சு. வாளையார் போற வழில ரோட்டோரமா ஒரு முள்ளிலவு மரம், எலை ஒண்ணு இல்ல, மரம் முழுக்கச் செகப்புப் பூவு, அதுல ஒரே கெச்சு கெச்சுன்னு சத்தம், ரோஸ் கலர் ஒடம்பு கருப்புத் தலைன்னு நூத்துக்கணக்குல குருவிங்க. நான் புக்கப் பொரட்டிகிட்டு இருக்கேன், அப்பா பைனாகுலர் இல்லாமலே, "அட, சோளக்குருவி!" அப்புறம் மனுஷன நிறுத்த முடியல. அவரு சின்னப்பையனா இருந்தப்ப சுல்தான்பேட்டை பக்கம் அப்பாரு தோட்டத்துல சோளம் பால்புடிக்கற சமயத்துல பரண் மேல ஏத்தி வுட்ருவாங்களாம், கையில ஒரு தகரம், ஒரு கவண், காலைல இருந்து பொழுது எறங்கற வரைக்கும் இந்தக் குருவியத்தான் வெரட்டணும், ஒரு பக்கம் வெரட்டுனா மேகம் மாதிரி எந்திரிச்சு இன்னொரு பக்கம் எறங்கும், அஞ்சு நிமிஷம் கண்ணசந்தா கதிரு காலி, அப்பாருகிட்ட அடி. எனக்கு நாப்பத்தி ரெண்டு வயசாச்சு, இந்தக் கதைய இதுக்கு முன்னாடி அவரு சொன்னதே இல்ல.

ஆட்டோ அண்ணன் அதக் கேட்டுட்டு, இதுங்க இங்க பொரிக்கறது இல்ல ஐயா, கோடைக்கு நடு ஆசியாவுக்குத் திரும்பிப் போயிரும், அங்க வெட்டுக்கிளி தின்னுதான் குஞ்ச வளக்கும், சீனாவுல ஒரு பக்கம் வெட்டுக்கிளிய ஒழிக்கறதுக்கு இதுங்க கூடு வெக்கறதுக்குன்னே கல்லுல எடம் கட்டி வெச்சிருக்காங்கன்னாரு. நான் அப்பறமா தேடிப் பாத்தேன், நெசந்தான், சிஞ்சியாங் பக்கம். அப்பா சித்தநேரம் பேசவே இல்ல. "நாம கவண்ல அடிச்சோம், அவன் வீடு கட்டிக் குடுக்கறானா"ன்னு கேட்டுட்டு மரத்தையே பாத்துகிட்டு இருந்தாரு. அப்புறம் அந்தக் கூட்டத்துல பாதி ரோஸே இல்லாம மண்ணுக்கலர்ல இருந்துச்சு, அது இளசுங்களாம், அத மட்டும் தனியாப் பாத்தா நானெல்லாம் புதுப் பறவைன்னு எழுதியிருப்பேன்.

வாளையார் டேம்ல அரைமணி நேரந்தான். அந்தப் பக்கம் ஆனை எறங்கற எடம், எட்டிமடை வாளையார்னு ரயிலு மோதி ஆனை செத்த நியூஸ் படிச்சிருப்பீங்க, அதே காடுதான், அதனால வெயில் ஏறுனதுக்கு அப்புறந்தான் கூட்டிட்டுப் போவாராம், வெடியக்காலைல அங்க போலாம்னு நீங்க கெஞ்சுனாலும் வர மாட்டாரு. காத்து வேற. கார்த்திகைல ஆரம்பிக்கற கெழக்குக் காத்து மாசில கொஞ்சம் அடங்கியிருக்கும்னாங்க, அடங்கல, பாலக்காட்டுக் கணவாய்க்கு நடுவுல நிக்கறோம், போன்ல சத்தம் கேட்டுப் பேரு சொல்ற ஆப்ப எல்லாம் ஓரமா வெச்சிரணும், காத்து மட்டுந்தான் ரெக்கார்ட் ஆகும். ஆனா அங்க ஒரு பட்ட மரத்துல விராலடிப்பான் உக்காந்திருந்துச்சு. எப்பவும் இருக்கும்னு சொல்ல முடியாது, இந்த சீசன்ல நான் பாத்தது இது ரெண்டாவதுதான்னாரு. அது எந்திரிச்சு தண்ணிக்கு மேல ஒரே எடத்துல றெக்கைய அடிச்சு நின்னு, காலு ரெண்டையும் முன்னாடி நீட்டிகிட்டுத் தொபுக்கடீர்னு வுழுந்துச்சு, மொத தடவை வெறுங்கால், ரெண்டாவது தடவை மீனோட எந்திரிச்சுச்சு. மீன் தலைய முன்பக்கமாத் திருப்பிப் புடிச்சுகிட்டுத்தான் பறக்கும், காத்து எதுக்காம இருக்கறதுக்கு. அப்பாவுக்கு அந்தப் பேரே போதும், விரால அடிக்கறவன் விராலடிப்பான், எவன் வெச்சானோ நல்லா வெச்சிருக்கான்னு வர்ற வழியெல்லாம் சொல்லிகிட்டே வந்தாரு.

டிபன் ராமசேரில, பாலக்காட்டுப் பக்கம் இட்லிக்குப் பேர்போன ஊரு. இது பேக்கேஜ்ல இல்ல, நாங்க கேட்டோம், 200 ரூவா சேத்து வாங்கிகிட்டாரு. வாங்கட்டும். சின்ன மண்பானை மேல நூலு வலை கட்டி, துணி விரிச்சு, தட்டையா தோசை மாதிரி ஊத்தி வேக வெக்கற இட்லி, கூட பொடியும் தேங்காயெண்ணெயும். வெடியக்காலைல இருந்து ஏரி, வயலுன்னு சுத்திட்டு வந்து அதத் தின்னா எப்படி இருக்கும்னு நான் எழுதணுமா. காஞ்சிபுரத்துப் பக்கம் இருந்து வந்த முதலியாருங்க கொண்டுவந்த கைப்பக்குவம்னு சொல்வாங்க.

கொறைன்னு பாத்தா, லேட்டு மொதல்லயே சொல்லிட்டேன். அடுத்தது பைனாகுலர். ரெண்டுல ஒண்ணு 8×42, அது நல்லா இருக்கு. எட்டு மடங்கு கிட்ட காட்டும், 42 மில்லிமீட்டர் கண்ணாடி, 42அ எட்டால வகுத்தா அஞ்சு சொச்சம் வருது, அந்த அளவு வெளிச்சம் கண்ணுக்குள்ள எறங்குது, வெளுக்கற நேரத்துக்கு அது தாராளம். இன்னொண்ணு 10×50, பேரப் பாத்தா பெருசா இருக்கும், ஆனா எப்பவோ கீழ வுழுந்து உள்ள கண்ணாடி நகந்துருச்சு போல, ரெண்டு கண்ணுலயும் வேற வேற எடத்துல பறவை தெரியுது, பத்து நிமிஷம் பாத்தா பொட்டு ரெண்டும் தெறிக்குது. பத்து மடங்குங்கறதால கை நடுக்கமும் பத்து மடங்கு, அறுவத்தெட்டு வயசு ஆளு கையில அதக் குடுத்தா எப்படிங்க. அப்பா மொத ஒரு மணி நேரம் ஒண்ணுமே பாக்கல, மரியாதைக்காக "ம், ம்"னு சொல்லிகிட்டு இருந்திருக்காரு, எனக்கே அப்பறந்தான் தெரிஞ்சுச்சு. இத அண்ணன்கிட்ட நேர்லயே சொல்லிட்டேன், சரி பண்ணக் குடுக்கறேன்னாரு. உங்ககிட்ட சொந்தமா ஒண்ணு இருந்தா எடுத்துட்டுப் போயிருங்க.

பாத்ரூம் கெடையாது. பொம்பளைங்க இத முன்னாடியே தெரிஞ்சு வெச்சுக்கணும், காலைல அஞ்சரைக்குக் கெளம்பி ஒம்போது மணிக்கு டேம் பக்கம் போற வரைக்கும் வழி இல்ல. நான் கட்டன் சாயாவத் தொடவே இல்ல. ஒரு வீட்டுல, கடைல சொல்லி வெச்சா ஆகாதா, அவரு ஆம்பள, அவருக்குத் தோணல, கேட்டதுக்கு அப்புறம் தலையச் சொறிஞ்சாரு. அப்புறம் போனு, ஸ்கூல் டிரிப் அடிக்கற வண்டி போல, ஏழே முக்கால்ல இருந்து கால் வந்துகிட்டே இருக்கு, அந்த ரிங்டோனுக்கே நாலு உள்ளான் பறந்துருச்சு. சைலண்ட்ல போடுங்கண்ணான்னு நாந்தான் சொல்லணும்.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், இத்தனை வகை காட்டுவேன்னு அவரு சொல்ல மாட்டாரு. எங்க கூட அன்னைக்கு மொத்தம் 61 வகை, அதுல குளிருக்கு வந்தது இருவது சொச்சம், மீதி எல்லாம் இங்கயே இருக்கறதுங்க. கேமராக்காரங்களுக்கு இது செட் ஆகாது, கிட்டப் போக வுட மாட்டாரு, கூடு இருக்கற மரத்துப் பக்கம் வண்டிய நிறுத்தவே மாட்டாரு, சத்தம் போட்டுக் காட்டுங்கன்னா எறங்கிக்கங்கம்பாரு. சும்மா ஒரு காலை நேரம் உக்காந்து பாக்கணும், பாத்தது என்னன்னு சரியாத் தெரிஞ்சுக்கணுங்கறவங்களுக்கு 750 ரூவா அதிகமே இல்ல. பங்குனி வரைக்கும் டைம் இருக்கு, அதுக்கப்புறம் உள்ளானும் வாத்தும் கெளம்பிரும், மறுபடி புரட்டாசி ஐப்பசிதான்.

அப்பா அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அவரே போன் பண்ணி புக் பண்ணிட்டாரு, என்னைக் கேக்கக்கூட இல்ல. ரெண்டு கண்டிஷன் போட்டிருக்காராம், அந்த 8×42 தனக்குத்தான் வேணும், முட்டைக்காரர் வழியாத்தான் போகணும்.